நூறு கிராமுக்கு ஒரு திருத்தச் சீட்டு

ஒல்ஷின்கா,
14 அக்டோபர் 2004

என் கண்ணே யாகோடா,

முதல் வார்த்தையாக: நான் உயிரோடு இருக்கிறேன், கோழிகளும் இருக்கின்றன. முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முந்தின நாளே மழையைச் சொல்லிவிடுகிறது. உனக்கும் எல்லாம் சுகம் என்றுதான் நேற்றுக் காலை பத்து மணி வரை நம்பிக்கொண்டிருந்தேன். பத்து மணிக்குத் தபால்காரி வந்தாள். லூப்ளின் பத்திரிகையை விரித்து என் மூக்குக்கு நேரே பிடித்து, "அக்கா, இது உங்க பேத்திதானே? யாரையோ விலாவுல உதைக்கிறாளே!" என்றாள்.

கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். நீதான். தலையில் வாளி கவிழ்த்த மாதிரி ஒன்று, வாய்க்குள் ஏதோ அடைத்திருக்கிறது, வலது கால் அந்தப் பெண்ணின் விலாவில். கீழே உன் பெயர், வயது பதினெட்டு, கிக்பாக்சிங் என்று போட்டிருக்கிறது.

உன்னைச் சமையல் படிக்கத்தானே லூப்ளினுக்கு அனுப்பினேன்? உன் அம்மா உன்னை என்னிடம் விட்டுவிட்டு இத்தாலியில் யாரோ ஒரு கிழவியைக் குளிப்பாட்டிக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு நான் என்ன எழுதுவது? உன் மகள் சூப் வைக்கக் கற்றுக்கொண்டாள், சூப் கொதிக்கிற நேரத்தில் ஆட்களை உதைக்கிறாள் என்றா?

ஃபோன் பண்ணாதே. எதிரே நின்று பேசினால் பாதி கேட்கிறது, ஃபோனில் வண்டு இரைச்சல்தான். எழுது. யார் உன்னை இதில் இழுத்துவிட்டது? பல் எல்லாம் இருக்கிறதா?

உன் பாட்டி,
அப்பொலோனியா

பி.கு. அந்தப் படத்தை வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். கோபத்தில்தான் வெட்டினேன்.


லூப்ளின்,
25 அக்டோபர் 2004

அன்புள்ள பாட்டிக்கு,

பல் எல்லாம் பத்திரம். வாய்க்குள் இருந்தது பல்லைக் காப்பாற்றுகிற ரப்பர். தலையில் இருந்தது வாளி இல்லை, ஹெல்மெட். காலில் பஞ்சு வைத்த பட்டையும் உண்டு. நான் ஆடுவது அமெச்சூர் ஆட்டம், பாட்டி. மூன்று சுற்று, சுற்றுக்கு இரண்டு நிமிஷம். பால் பொங்குகிற நேரம்தான்.

யாரும் இழுத்துவிடவில்லை. தோழி ஒருத்தியோடு பயிற்சிக்கூடத்துக்குப் போனேன். சுவரோரம் நின்று வேடிக்கை பார்த்தேன். லெஷெக் என்று பயிற்சியாளர், மீசைக்காரர். "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். ஒல்ஷின்கா என்றேன். "அங்க என்ன தூக்குவே?" என்றார். "பீட்கிழங்கு மூட்டை" என்றேன். "அப்ப எதுக்கு நிக்கிறே? கையுறையப் போடு" என்றார். தோழி இரண்டாம் வாரம் நின்றுவிட்டாள். நான் நிற்கவில்லை.

உங்களுக்குப் பிடித்த ஒன்று இதில் இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்னும் எங்களை எடை போடுகிறார்கள். நான் ஐம்பத்திரண்டு கிலோப் பிரிவு. அதற்கு மேல் ஒரு கிராம் ஏறினாலும் ஆட்டம் கிடையாது. எடை போடுகிற அம்மாள் சிரிக்கவே மாட்டார். கொள்முதல் நிலையத்தில் எடைமேடையில் நீங்கள் நிற்பது போலவே இருக்கும். இருபத்தாறு வருஷம் வண்டி வண்டியாகப் பீட்கிழங்கு நிறுத்தவர் நீங்கள். உங்கள் பேத்தியை அவர் நிறுக்கிறார்.

கோபம் தணிந்ததா?

அன்பு முத்தங்களுடன்,
யாகோடா


ஒல்ஷின்கா,
19 மார்ச் 2007

என் தங்கமே யாகோடா,

முதல் வார்த்தையாகவும் கடைசி வார்த்தையாகவும்: தேசிய சாம்பியன்! அமெச்சூரோ என்னவோ, போலந்து முழுக்க ஐம்பத்திரண்டு கிலோவில் உன்னைவிடக் கெட்டிக்காரி இல்லை என்றுதானே அர்த்தம்? நீ அனுப்பிய பதக்கத்தை மேரி மாதா படத்துக்குக் கீழே மாட்டினேன். அப்புறம் வெளியே போகிறவர்கள் கண்ணில் படவில்லையே என்று ஜன்னல் பக்கம் மாற்றினேன்.

பக்கத்து வீட்டு ஹொனொராட்டா வந்தாள். அவள் பேரன் கணக்குப் போட்டியில் மாவட்டத்தில் இரண்டாவது வந்ததை நான் பதினோரு முறை கேட்டிருக்கிறேன். "இரண்டாவதா, பாவம்" என்று அன்றுதான் சொல்ல முடிந்தது.

பங்குச் சாமியார் பூசை முடிந்து என்னை நிறுத்தி, "அப்பொலோனியா, இது பொம்பளைப் பிள்ளைக்கு ஏத்த ஆட்டமா?" என்றார். "சாமி, எம் பேத்தி எதிராளிக்குக் குனிஞ்சு வணக்கம் வெச்சிட்டுத்தான் உதைக்கிறா. நம்ம ஊர்க் கல்யாணத்துல அடிச்சுக்கிறவன் அதக்கூடச் செய்றதில்ல" என்றேன். சிரித்துவிட்டார்.

நீ இதுவரைக்கும் ஒரு ஆட்டம்கூடத் தோற்றதில்லை என்று எல்லாருக்கும் சொல்லியிருக்கிறேன். சரிதானே?

உன் பாட்டி,
அப்பொலோனியா


லூப்ளின்,
8 ஜனவரி 2012

அன்புள்ள பாட்டிக்கு,

கிறிஸ்துமஸுக்கு வந்தபோது நேரில் சொல்ல நினைத்தேன். மேசையில் அத்தனை பேர் இருந்ததால் சொல்லவில்லை. பிப்ரவரி 18, சனிக்கிழமை, போலந்து சாம்பியனுக்குக் கட்டுகிற பெல்ட்டுக்கு ஆடப்போகிறேன். தொழில்முறைக்கு மாறி ஒன்றரை வருஷத்தில் இது கிடைத்ததே பெரிது என்கிறார் லெஷெக்.

இது பழைய ஆட்டம் இல்லை. ஹெல்மெட் கிடையாது, கால் பட்டை கிடையாது. ஐந்து சுற்று, ஒவ்வொன்றும் மூன்று நிமிஷம். எதிராளி கத்தோவித்சேக்காரி. மூன்று வருஷமாக பெல்ட் அவளிடம்தான் இருக்கிறது.

அவளைப் பற்றிக் கவலை இல்லை. கவலையெல்லாம் ஐம்பத்திரண்டு கிலோதான். பதினெட்டு வயசில் அது என் எடை. இப்போது சும்மா இருந்தால் ஐம்பத்தேழு நிற்கிறது. காலையில் பாலர் பள்ளிச் சமையலறையில் நூற்றிருபது குழந்தைகளுக்குச் சூப்பும் அப்பமும் செய்கிறேன். ருசி பார்க்க மட்டும் பக்கத்தில் நிற்கும் அம்மாளைக் கூப்பிடுகிறேன். எடை போடுவது 17ஆம் தேதி வெள்ளிக்கிழமை காலையில். அது வரை பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊர் வழக்கப்படி, அதிர்ஷ்டம் வர எனக்காகக் கட்டை விரலை மடக்கிப் பிடித்துக்கொள்ளுங்கள்.

உங்கள் யாகோடா


ஒல்ஷின்கா,
15 பிப்ரவரி 2012, புதன்

கண்ணே,

பெட்டியைப் பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன். பன்னிரண்டு டோனட், உள்ளே நம் வீட்டு ரோஜா ஜாம். நாளைக்குக் கொழுப்பு வியாழன் என்று உனக்கு நான் சொல்லவா வேண்டும்? தவக்காலத்துக்கு முன் அன்றைக்கு ஒரு டோனட்டாவது தின்னாதவளுக்கு அந்த வருஷம் எதுவும் விளங்காது. எனக்குத் தெரியும், உனக்கு எடை இருக்கிறது. ஒன்று போதும். ஒன்றே ஒன்று. மிச்சத்தைப் பள்ளி அம்மாக்களுக்குக் கொடு. பெல்ட் கட்டப்போகிற வருஷத்தில் துரதிர்ஷ்டத்தை வீட்டுக்குள் விடாதே.

பாட்டி


ஒல்ஷின்கா,
20 பிப்ரவரி 2012

என் ராஜாத்தி!

ஜெயித்துவிட்டாய்! ஹொனொராட்டாவின் மருமகன் கம்ப்யூட்டரில் பார்த்து, சேற்றுச் செருப்போடு என் சமையலறைக்குள் ஓடி வந்து, "பாட்டி, புள்ளி கணக்குல யாகோடா ஜெயிச்சிருச்சு!" என்று கத்தினான். எனக்குக் கேட்கிற அளவுக்குக் கத்தினான், ஆகவே தெரு முழுக்கக் கேட்டது. சாமியார் ஞாயிற்றுப் பூசையில் அறிவித்தார்: "நம் பங்கின் மகள், போலந்தின் சாம்பியன்." எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் ஜெபப் புத்தகத்தைப் பார்ப்பது போல் குனிந்துகொண்டேன், ஆனால் புத்தகம் தலைகீழாக இருந்தது.

பெல்ட் எப்படி இருக்கிறது? கனமா? ஈஸ்டருக்கு வரும்போது கொண்டு வா. ஹொனொராட்டா தொட்டுப் பார்க்க வேண்டும்.

பெருமையில் உருகும் பாட்டி


ஒல்ஷின்கா,
11 ஏப்ரல் 2012

யாகோடா,

ஈஸ்டருக்கு நீ வரவில்லை. இரண்டு கடிதத்துக்குப் பதில் இல்லை. வேலை என்று நினைத்தேன். முட்டைகளுக்குச் சாயம் போட்டு உனக்கென்று நான்கை எடுத்து வைத்தேன்.

திங்கட்கிழமை ஹொனொராட்டாவின் மருமகனைப் பிடித்து, "பெல்ட்டோட எம் பேத்தி நிக்கிற படம் இருந்தா காட்டுடா" என்றேன். அவன் நெளிந்தான். தலையைச் சொறிந்தான். "பாட்டி, ஆட்டத்துல அவதான் ஜெயிச்சா. ஆனா பெல்ட்டக் குடுக்கல. எடை கூடிப்போச்சாம். கூடிப்போனா ஜெயிச்சாலும் பெல்ட் கெடையாதாம்." எவ்வளவு என்று கேட்டேன். "நூறு கிராம்" என்றான்.

வீட்டுக்கு வந்து மாவு பிசைந்து ஒரே ஒரு டோனட் செய்தேன். தராசில் வைத்தேன். எண்பது கிராம். ஜாம் வழிந்ததைத் துடைத்துப் பார்த்தாலும் எழுபத்தெட்டு.

இருபத்தாறு வருஷம் ஊரார் கிழங்கை ஒழுங்காக நிறுத்தவள், சொந்தப் பேத்தியின் பெல்ட்டின் மேல் டோனட்டைத் தூக்கி வைத்திருக்கிறேன். நீ எழுதாமல் இருப்பது நியாயம்தான். ஆனாலும் எழுது. திட்டியாவது எழுது.

அப்பொலோனியா


லூப்ளின்,
17 ஏப்ரல் 2012

அன்புள்ள பாட்டிக்கு,

ஒன்று இல்லை. மூன்று.

நீங்கள் ஒன்றே ஒன்று என்றுதான் எழுதியிருந்தீர்கள். பதினோரு நாள் வெறும் வெள்ளரிக்காயும் முட்டை வெள்ளையும். பள்ளிப் பாத்திரம் கழுவுகிற தொட்டியின் முன்னால் நின்றுகொண்டே முதலாவதைத் தின்றேன். இரண்டாவது எப்படிப் போனது என்று தெரியவில்லை. மூன்றாவதை நன்றாகத் தெரிந்தே தின்றேன். மறுநாள் காலை ஐம்பத்திரண்டு கிலோ நானூறு கிராம். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வியர்த்து எடை இறங்கப் பிளாஸ்டிக் சட்டை போட்டுக்கொண்டு மாடிப்படியில் ஏறி இறங்கினேன். முந்நூறு போயிற்று. கடைசி நூறு போகவில்லை. உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை.

அடுத்த நாள் ஐந்து சுற்றும் அவளை விரட்டி விரட்டி அடித்தேன். நடுவர் என் கையைத் தூக்கினார், பெல்ட்டை அவளே எடுத்துக்கொண்டு போனாள். உங்கள் 20ஆம் தேதிக் கடிதம் வந்ததும் இதை எழுத உட்கார்ந்தேன். தலைகீழ் ஜெபப் புத்தகம் வரைக்கும் படித்தேன். அப்புறம் பேனா ஓடவில்லை.

இன்னொன்றையும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன். நான் தோற்றதே இல்லை என்று ஊரெல்லாம் சொல்லி, சரிதானே என்று கேட்டீர்கள். சரியில்லை. 2007இல் நீங்கள் கேட்பதற்கு முன்பே மூன்று ஆட்டம் தோற்றிருந்தேன், 2009இல் ஒன்று, தொழில்முறைக்கு வந்தபின் ஒன்று. ஐந்து. ஒவ்வொரு தடவையும் உங்களுக்கு ஜெயித்த ஆட்டத்தை மட்டும் எழுதினேன். உதைக்கு நான் பயந்ததில்லை, பாட்டி. உங்கள் கடிதத்துக்குத்தான் பயந்தேன்.

லெஷெக் என்னை ஐம்பத்தாறு கிலோவுக்கு மாறச் சொல்கிறார். "உன் ஒடம்பு வளந்துருச்சு, நீ ஒருத்திதான் அத ஒத்துக்கல" என்கிறார். அங்கே எல்லாரும் என்னைவிட உயரம், எல்லாம் முதலிலிருந்து. எனக்கு இருபத்தாறு வயசாகப்போகிறது. கையுறையைப் பள்ளிச் சமையலறை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டேன். போதும் என்று இருக்கிறது.

யாகோடா


ஒல்ஷின்கா,
30 ஏப்ரல் 2012

என் கண்ணே யாகோடா,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். முதல் முறை கோபம் வந்தது, இரண்டாம் முறை அழுகை வந்தது, மூன்றாம் முறை உட்கார்ந்து கூட்டிக் கழித்தேன். ஒன்றோடு நிறுத்தியிருந்தால் நூற்றறுபது குறைந்திருக்கும், நீ தப்பியிருப்பாய். ஆகவே ஒரு டோனட் என் பேரில், இரண்டு உன் பேரில். கணக்கு நேர்.

கொள்முதல் நிலையத்தில் ஒரு விதிமுறை இருந்தது, உனக்குச் சொன்னதில்லை, எனக்கு வெட்கமான விஷயம். எடையைத் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது. சிவப்புப் பென்சிலால் திருத்தச் சீட்டு எழுத வேண்டும். முன்பு எழுதியது என்ன, சரியான எடை என்ன, தவறு யாருடையது, கையெழுத்து. அதை நிலையத்துக் கதவில் மூன்று நாள் தொங்கவிட வேண்டும். வண்டியோடு நிற்கிறவர்கள் எல்லாரும் படிப்பார்கள். எனக்கு இருபத்தாறு வருஷத்தில் நான்கு சீட்டு. முதல் சீட்டு தொங்கிய மூன்று நாளும் நான் தலையில் துணியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு நின்றேன். நான்காவதற்கு அப்படியெல்லாம் செய்யவில்லை.

நேற்று கோயில் அறிவிப்புப் பலகையில், கல்யாண அறிவிப்புக்கும் தீயணைப்புப் படையின் நடன விழாவுக்கும் நடுவில் இதை ஒட்டினேன், சிவப்புப் பென்சிலில்:

"திருத்தம். பிப்ரவரி 19 பூசையில் யாகோடா சாம்பியன் என்று அறிவித்தது தவறு. ஆட்டத்தில் ஜெயித்தாள். பெல்ட் கிடைக்கவில்லை. எடை நூறு கிராம் கூடுதல். காரணம் டோனட். அனுப்பியது பன்னிரண்டு, தின்றது மூன்று. சுட்டவள் நான். அவள் தோற்றதே இல்லை என்று நான் சொல்லிவந்ததும் தவறு. ஐந்து ஆட்டம் தோற்றிருக்கிறாள். அவளைக் கேட்காமல் பெருமை பேசியது என் தவறு. அப்பொலோனியா."

பூசை முடிந்து பலகை முன்னால் ஒரே கூட்டம். ஹொனொராட்டா சத்தமாகப் படித்துவிட்டு என்னைத் தேடி வந்தாள். குத்திக் காட்டப்போகிறாள் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டேன். "அடியே அப்பொலோனியா, அன்னிக்கு எனக்கு ஆறுதான் குடுத்தே, அவளுக்குப் பன்னெண்டா?" என்றாள். சாமியார் பலகையைப் பார்த்து, "இத எத்தனை நாள் வைக்கணும்?" என்றார். "மூணு நாள் சாமி, முறை அப்படி" என்றேன். "நான் எடுக்க மாட்டேன். பாவசங்கீர்த்தனத்துக்கு வர்றவங்க பாத்துட்டு வரட்டும்" என்றார்.

திரும்பவும் ஆடப் போ என்று நான் சொல்லவில்லை. போகாதே என்றும் சொல்லவில்லை. ஐம்பத்தாறு என்றால் ஐம்பத்தாறு. எடைமேடையில் நிற்கிற கிழங்குக்கு எந்த எண்ணும் அவமானம் இல்லை. கையுறையை மட்டும் அந்த அலமாரியிலிருந்து எடு. வெங்காய வாசனை ஏறிவிடும்.

உன் பாட்டி,
அப்பொலோனியா


லூப்ளின்,
28 அக்டோபர் 2012

அன்புள்ள பாட்டிக்கு,

கோடையில் வந்தபோது நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பீன்ஸ் உரித்துக்கொண்டே இருந்தீர்கள். நானும் சொல்லவில்லை. நிச்சயமாகும் வரை வேண்டாம் என்றிருந்தேன்.

கையுறையை மே மாதமே எடுத்துவிட்டேன். வாசனை ஏறித்தான் இருந்தது. லெஷெக் முகர்ந்து பார்த்து, "நல்லதுதான், எதிராளிக்குக் கண்ணு கலங்கட்டும்" என்றார். ஐம்பத்தாறு கிலோவில் இரண்டு ஆட்டம் ஆடினேன். ஜூனில் தோற்றேன். செப்டம்பரில் ஜெயித்தேன். இப்போது சாப்பிடுகிறேன், பாட்டி. சூப்பை நானே ருசி பார்க்கிறேன்.

அந்தப் பிரிவில் பெல்ட் வைத்திருந்தவள் குழந்தை பெறப்போவதால் விலகிவிட்டாள். நவம்பர் 24, சனிக்கிழமை, லூப்ளினிலேயே அதற்கு ஆட்டம். நானும் ஷ்செச்சின்காரி ஒருத்தியும். அவள் என்னைவிட ஒரு தலை உயரம், ஒரு ஆட்டமும் தோற்காதவள். அவளுக்கு அது நிஜமாகவே. பெரும்பாலும் அவள்தான் ஜெயிப்பாள் என்று எழுதுகிறார்கள். இது கிடைக்காவிட்டால் இன்னொரு முறை பெல்ட் பக்கம் என்னை அண்டவிடமாட்டார்கள் என்று லெஷெக்கும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார்.

இத்தனை வருஷத்தில் உங்களை நான் ஒரு ஆட்டத்துக்கும் கூப்பிட்டதில்லை. தோற்பதை நீங்கள் பார்த்துவிடக் கூடாது என்றுதான். இந்த முறை டிக்கெட் வைத்திருக்கிறேன். இரண்டாவது வரிசை. வருவீர்களா?

உங்கள் யாகோடா


லூப்ளின், உன் சமையலறை மேசை,
25 நவம்பர் 2012, ஞாயிறு காலை

என் கண்ணே யாகோடா,

நீ தூங்குகிறாய். மூக்கு உருளைக்கிழங்கு மாதிரி வீங்கியிருக்கிறது. எழுப்ப மனம் வரவில்லை. பத்து மணி பஸ்ஸில் போகிறேன், கோழிகளைப் பார்த்துக்கொள்ள ஹொனொராட்டா ஒரு நாளுக்குத்தான் ஒத்துக்கொண்டாள். அடுப்பில் கோழி சூப் இருக்கிறது, உப்பைக் கொஞ்சம் குறைத்திருக்கிறேன், உதடு எரியாமல் இருக்க.

நேற்று உன்னைச் சுற்றி அத்தனை பேர், பேசவே முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்த மண்டபத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. பாட்டு போட்டார்கள் போலிருக்கிறது, நாற்காலி அதிர்ந்தது. உன்னை அடிக்கிற சத்தமும் கேட்கவில்லை, அது நல்லதுதான். பார்க்க மட்டும் செய்தேன். முதல் சுற்றில் அவள் கால் உன் தொடையில் விழுந்தபோது எழுந்து நின்றுவிட்டேன். பின்னால் இருந்த தாடிக்காரர் என் தோளைத் தொட்டு என்னவோ சொன்னார். "எம் பேத்தி!" என்றேன். அப்புறம் அவரும் எழுந்துவிட்டார். இரண்டாம் சுற்று அவளுக்கு. மூன்றாம் சுற்றில் நீ அவள் பக்கத்திலேயே போய் ஒட்டிக்கொண்டாய், அந்த நீளக் காலுக்கு இடமே இல்லாமல் செய்தாய். என்ன புத்தி உனக்கு! நான்காவதில் மூக்கில் ரத்தம். ஐந்தாவதில் நீங்கள் இரண்டு பேரும் விழாமல் நின்றதே எனக்கு அதிசயம்தான். பதினைந்து நிமிஷமும் கட்டை விரல்களை மடக்கிப் பிடித்திருந்தேன், மரத்துப் போய்விட்டன.

தீர்ப்புச் சொன்னபோது என்ன நடந்தது என்று உனக்குத் தெரியாது. உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நடுவர் நின்றார். சரியாக அந்த நேரத்தில் படம் எடுக்கிற ஒரு தடியர் என் முன்னால் வந்து மறைத்துவிட்டார். யார் கையைத் தூக்கினார்கள் என்று பார்க்க முடியவில்லை. ஒலிபெருக்கியில் சொன்னதும் கேட்கவில்லை. பக்கத்து நாற்காலிப் பெண்ணைப் பார்த்தேன். எல்லாச் சுற்றிலும் உன் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தவள். முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவுதான், போயிற்று என்று நினைத்தேன்.

எழுந்து நின்றேன். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்து, கை தட்டினேன். எல்லாருக்கும் முன்னால் நான்தான் தட்ட ஆரம்பித்தேனோ என்னவோ, கேட்கவில்லை. உள்ளங்கை எரியும் வரை தட்டினேன். ஊரில் போய் என்ன சொல்வது என்று ஒரு தடவைகூட நினைக்கவில்லை.

அந்தத் தடியர் நகர்ந்தபிறகுதான் உன் இடுப்பில் பெல்ட்டைக் கட்டுவதைப் பார்த்தேன். அதை ஊரெல்லாம் சொல்லிக்கொள்கிறேன், அதற்கு ஒன்றும் குறைவில்லை. ஆனால் அது அப்புறம். முதலில் தட்டியது தோற்றுப்போன யாகோடாவுக்கு. அது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

உன் பாட்டி,
அப்பொலோனியா